எந்த ரேடியோ, எந்த சர்வோ: பாலுவுக்குக் கடிதம்

அம்பத்தூர், சென்னை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாலு,

உன் கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. நீ செய்கிற ரேடியோ கண்ட்ரோல் மாடல் விமானத்தின் இறக்கையில் ரிப் சட்டமெல்லாம் ஒரே சீராக நிற்பதைப் பார்த்தால் புது ஆள் செய்தது மாதிரி இல்லை. இத்தனை வருஷம் டிராயிங் போர்டில் நின்ற கை, பால்சா மரத்தை மட்டும் கோணலாகவா வெட்டும்? தங்கச்சி சாப்பாட்டு மேஜையை உனக்கு விட்டுக்கொடுத்திருக்கிறாள் என்பதுதான் நம்ப முடியவில்லை. என் வீட்டில் பால்சா தூள் மொட்டைமாடி அறையைத் தாண்டக் கூடாது.

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சீரியலில் யார் புதுக் கம்மல் போட்டிருக்கிறாள் என்பதைச் சொல்லும் அளவுக்குப் பார்வை வந்துவிட்டது. பெரியவளுக்கு வரன் கூடிவந்திருக்கிறது, தை பிறந்ததும் நிச்சயதார்த்தம். மெட்ரோ வேலைக்காக ஊரெல்லாம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். இங்கிருந்து ரிச்சி தெருவுக்குப் போய்வந்தால் ஒரு பகல் போய்விடுகிறது. அதனால் உனக்கு வேண்டியதை ஒரே பட்டியலாகச் சொல்லிவிடு, அடுத்த முறை போகும்போது மொத்தமாக வாங்கிவிடுகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கையில் பிடித்து ஸ்டிக்கை அசைக்கிற டிரான்ஸ்மிட்டர் எது, விமானத்துக்குள் உட்கார்ந்து அதன் பாகங்களைத் திருப்புகிற சின்ன மோட்டாரான சர்வோ எது என்று ஒரே வரியில் கேட்டுவிட்டாய். இரண்டுக்கும் ஒரே கணக்குப் போடாதே. டிரான்ஸ்மிட்டர் உன்னோடு பல வருஷம் இருக்கப்போவது. இந்த விமானம் தரையில் குத்தினாலும் அடுத்ததற்கும் அதுவேதான். சர்வோ இந்த விமானத்துக்கு, அதிலும் இந்த வேலைக்கு என்று வாங்குவது. அதனால் யாரோடு பறக்கவிடப் போகிறாய் என்று பார்த்து டிரான்ஸ்மிட்டரை வாங்கு. எந்தப் பாகத்தை அசைக்கப் போகிறது என்று பார்த்து சர்வோவை வாங்கு. பெட்டியில் அச்சடித்திருக்கிற எண்களெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஆறு சேனலா பத்து சேனலா என்பதிலேயே நின்றுகொண்டிருக்கிறாய். ஒரு வேலைக்கு ஒரு சேனல், எண்ணிப் பார்: விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கிற எய்லரான், மூக்கை ஏற்றி இறக்குகிற எலிவேட்டர், மோட்டார் வேகத்துக்கு த்ராட்டில், வாலில் இடம் வலம் திருப்புகிற ரட்டர், ஆக நாலு. எய்லரானுக்கு இரண்டு சர்வோவைத் தனித்தனியாகப் போட்டால் ஐந்து. மெதுவாக இறங்க உதவுகிற ஃப்ளாப் வைத்தால் ஆறு. உன்னுடையது மேலிறக்கைப் பயிற்சி விமானம், ஃப்ளாப்பும் இல்லை. ஆறு சேனலே மிச்சம். பத்து, பதினாறு எல்லாம் உள்ளிழுக்கிற சக்கரம், விளக்கு, கேமரா என்று ஆசை வளர்ந்த பிறகு வருகிற தேவை.

சேனலைவிட நீ யோசிக்க வேண்டியது விமானத்துக்குள் சிக்னலை வாங்குகிற ரிசீவரைப் பற்றி. டிரான்ஸ்மிட்டர் ஒன்றுதான் வாங்குவாய். ரிசீவர் விமானத்துக்கு விமானம் வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி அலைவரிசையில் பேசுகிற முறை வேறு. ஃப்ளைஸ்கை ஒரு முறை, ஃபுடாபா வேறு முறை, ஸ்பெக்ட்ரம் வேறு, எஃப்ஆர்ஸ்கை வேறு. எல்லாமே 2.4 கிகாஹெர்ட்ஸ்தான், ஆனால் ஒரு வீட்டுச் சாவி அடுத்த வீட்டுப் பூட்டைத் திறக்காது. முதலில் எந்தக் கம்பெனிக்குள் நுழைகிறாயோ அதன் ரிசீவர் விலையைத்தான் வருஷக் கணக்கில் கட்டிக்கொண்டிருப்பாய்.

சிக்கனமாகத் தொடங்க ஃப்ளைஸ்கை எஃப்எஸ்-ஐ6 இன்னமும் நல்ல பெட்டிதான். ஆறு சேனல், நாலு பென்சில் பேட்டரி, மெனு கொஞ்சம் பழைய மொபைல் போன் காலத்தது. கூட வருகிற ஐஏ6பி ரிசீவர் தன் மின்னழுத்தத்தை உன் கையிலுள்ள திரைக்குத் திருப்பி அனுப்பும். அது எவ்வளவு உபயோகம் என்று பின்னால் சொல்கிறேன். ஸ்டிக்குக்கு அடியில் இருப்பது பொட்டென்ஷியோமீட்டர், அதாவது பழைய ரேடியோவில் சத்தம் கூட்டுகிற குமிழ் மாதிரி உரசிக்கொண்டே ஓடுவது. தூசியும் உப்புக்காற்றும் பட்டால் நாளடைவில் தேய்ந்து நடுங்கும். கொஞ்சம் மேலே போனால் ரேடியோமாஸ்டர் பாக்ஸர். அதில் ஹால் சென்சார் ஸ்டிக்; காந்தத்தை வைத்து அளப்பதால் உரசலே கிடையாது. உள்ளே ஓடுவது எட்ஜ்டிஎக்ஸ் என்கிற திறந்த மென்பொருள். கற்றுக்கொள்ள ஒரு வாரம் தலைவலிக்கும், அப்புறம் வேறெதையும் தொட மனசு வராது.

பாக்ஸர் வாங்குவதானால் ஒன்று கவனி. ஒரே மாதிரிப் பெட்டியில் வெவ்வேறு உள்மாடல்கள் வருகின்றன. ‘ஃபோர் இன் ஒன்’ என்று போட்டிருந்தால் உள்ளே நாலு வகை ரேடியோ சில்லு இருக்கும். ஃப்ளைஸ்கை, ஸ்பெக்ட்ரம், எஃப்ஆர்ஸ்கை ரிசீவர்களில் பலவற்றோடு பேசும். ‘ஈஎல்ஆர்எஸ்’ என்று போட்டிருந்தால் எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் ரிசீவரோடு மட்டும்தான் பேசும். அதுவும் அருமையான முறை, தூரமும் வேகமும் அதிகம், ரிசீவரும் மலிவு. ஆனால் கையில் ஃப்ளைஸ்கை ரிசீவரை வைத்துக்கொண்டு ஈஎல்ஆர்எஸ் பெட்டியை வாங்கிவிட்டு, இரண்டையும் ஜோடி சேர்க்கிற ‘பைண்ட்’ பட்டனை நாள் முழுக்க அமுக்கிக்கொண்டிருக்கிற பையன்களை நான் பார்த்திருக்கிறேன். இன்னொன்று: ஈஎல்ஆர்எஸ்ஸில் 900 மெகாஹெர்ட்ஸ் வகையும் உண்டு. அமெரிக்காக்காரன் வீடியோவைப் பார்த்து 915 வாங்கிவிடாதே. அங்கே அது உரிமம் வேண்டாத அலைவரிசை. இங்கே அந்த இடத்தில் செல்போன் ஓடுகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸை 2005-லேயே நம் அரசு உரிமம் வேண்டாத பட்டியலில் சேர்த்துவிட்டது. அதிலேயே இரு.

யாரோடு பறக்கவிடப் போகிறாய் என்று சொன்னேனே, அது வெறும் பேச்சுக்கு இல்லை. திருச்சியில் உனக்குச் சொல்லித்தர முன்வந்திருக்கிறாரே, அந்தப் பேராசிரியர், அவர் மோட் 1-ஆ மோட் 2-ஆ என்று முதலில் கேள். மோட் 2 என்றால் இடது கையில் த்ராட்டிலும் ரட்டரும், வலது கையில் எலிவேட்டரும் எய்லரானும். மோட் 1-இல் த்ராட்டில் வலது பக்கம் போய், எலிவேட்டர் இடது பக்கம் வந்துவிடும். எது உசத்தி என்கிற சண்டைக்கு முடிவே கிடையாது, அதில் இறங்காதே. உனக்கு ஆபத்து வரும்போது பெட்டியை வாங்கி விமானத்தைக் காப்பாற்றப் போகிற ஆள் எந்த மோடோ, அதுவே உன் மோடும். எங்கள் மைதானத்தில் எல்லாரும் மோட் 2. அவருடைய ரேடியோவும் உன்னுடையதும் ஒத்துப்போனால் இன்னும் விசேஷம். இரண்டு டிரான்ஸ்மிட்டரையும் ஒயரால் இணைத்து அவர் ஒரு சுவிட்சைப் பிடித்திருக்கும்வரை கட்டுப்பாடு உன்னிடம், விட்டால் அவரிடம் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த வயசில் நமக்கு இது ரொம்ப அவசியம். நம் கை யோசித்து முடிப்பதற்குள் விமானம் முள்ளுக்காட்டுக்குள் போயிருக்கும்.

வாங்குவதற்கு முன்னால் கையில் பிடித்துப் பார். சிலர் கட்டைவிரலை ஸ்டிக் மேல் வைப்பார்கள், சிலர் இரண்டு விரலால் கிள்ளிப் பிடிப்பார்கள். உனக்குக் கட்டைவிரல்தான் வரும் என்று நினைக்கிறேன். ஸ்டிக்கின் முனை கூராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சித்திரை வெயிலில் வியர்வை வழியும்போது வழுக்கும். திரை வெயிலில் தெரிகிறதா என்பதைக் கடைக்குள் நின்று பார்க்காதே, வாசலுக்கு எடுத்து வா. கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

இனி சர்வோ. இதில் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே பேச இருக்கிறது.

என்சிசி ஏர் விங்கில் நாம் விட்ட கண்ட்ரோல் லைன் விமானம் நினைவிருக்கிறதா? இரண்டு கம்பி, ஒரு கைப்பிடி, விளக்கெண்ணெயும் ஈதரும் கலந்த புகை, நாலாவது சுற்றிலேயே தலைசுற்றி நீ உட்கார்ந்தது. அதில் எலிவேட்டர் எவ்வளவு திரும்பியிருக்கிறது, காற்று எவ்வளவு தள்ளுகிறது என்பது கம்பி வழியாகக் கைக்கே தெரியும். ரேடியோவில் அந்தச் சேதி கைக்குத் திரும்பி வராது. நீ ஸ்டிக்கை நடுவில் விட்டால் எலிவேட்டரும் நடுவுக்கு வந்துவிட்டது என்று நம்புகிறாய், அவ்வளவுதான். அந்த நம்பிக்கையைத்தான் சர்வோ என்கிற பெயரில் காசு கொடுத்து வாங்குகிறோம்.

கடையில் கேட்டால் முதலில் டார்க் சொல்வார்கள். 1.8 கிலோ-சென்டிமீட்டர் என்றால், சர்வோவின் அச்சிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி 1.8 கிலோ எடையை இழுத்து நிறுத்துமளவு விசை. உன் விமானம் ஒன்றரை மீட்டர் இறக்கை, பேட்டரியோடு சேர்த்து ஒன்றரைக் கிலோவுக்குள் என்று எழுதியிருக்கிறாய். அதற்கு 9 கிராம் வகை சர்வோவின் விசையே தாராளம். பழைய 40 சைஸ் எஞ்ஜின் விமானங்களில் ஃபுடாபா எஸ்3003 மாதிரி சுமார் 3 கிலோ விசையுள்ள பெரிய சர்வோதான் போடுவார்கள். உனக்கு அது வீண் எடை. ஆக விசை உன் பிரச்சினையே இல்லை. நடுவுக்குத் திரும்பி வருவதுதான் பிரச்சினை.

ரிசீவர் சர்வோவுக்கு அனுப்புவது ஒரு சின்னத் துடிப்பு. பழைய முறையில் நொடிக்கு 50 தடவை. துடிப்பின் நீளம் 1500 மைக்ரோசெகண்ட் என்றால் நடு, 1000 ஒரு ஓரம், 2000 மறு ஓரம். அந்த 1000-க்கும் 2000-க்கும் நடுவில் சர்வோவின் கை ஏறத்தாழ 90 டிகிரி திரும்பும். இதில் டெட்பேண்ட் என்று ஒன்று உண்டு: துடிப்பு அந்த அளவுக்குள் மாறினால் சர்வோ கண்டுகொள்ளாது. மலிவு சர்வோவில் 10 மைக்ரோசெகண்ட் என்று போட்டிருக்கும். கணக்குப் பார்த்தால் கிட்டத்தட்ட ஒரு டிகிரி. போதாததற்குப் பல் சக்கரங்களின் ஆட்டம் வேறு.

இதைக் கண்ணால் பார்க்க நான் செய்வது இதுதான். துடைப்பத்திலிருந்து நேரான ஈர்க்குச்சி ஒன்றை உருவி, 30 சென்டிமீட்டருக்கு வெட்டி, சர்வோவின் கையில் நூலால் கட்டிவிடு. பின்னால் கிராஃப் தாளை ஒட்டு. இந்த நீளத்தில் ஒரு டிகிரி என்பது குச்சியின் நுனியில் 5 மில்லிமீட்டர். ஸ்டிக்கை வலது கோடிக்குக் கொண்டுபோய் மெதுவாக நடுவுக்கு விடு, நுனி நின்ற இடத்தில் பென்சிலால் புள்ளி வை. பிறகு இடது கோடியிலிருந்து விடு, புள்ளி வை. நல்ல சர்வோவில் இரண்டு புள்ளியும் ஒட்டி உட்காரும். சுமாரானதில் நடுவில் ஒரு அரிசி படுத்திருக்கிற இடைவெளி இருக்கும். மோசமானதில் குச்சி நிற்கவே நிற்காது, நடுங்கிக்கொண்டே இருக்கும். எத்தனை சர்வோ வாங்கினாலும் அத்தனையையும் இப்படிப் பார்த்து, சுத்தமாகத் திரும்புவதை எலிவேட்டருக்கு ஒதுக்கு. அடுத்தது எய்லரானுக்கு. எலிவேட்டர் ஒரு டிகிரி தப்பினால் விமானம் ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருக்கும். நடு நிலையைச் சரிசெய்கிற டிரிம் பட்டனைத் தட்டித் தட்டி ஓய்ந்துபோவாய்.

எலிவேட்டருக்கு நான் இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. போன கோடையில் எங்களோடு வருகிற பெரியவர் ஒருவரின் விமானம், திருப்பம் முடிந்து நேராகும் இடத்தில் மூக்கைக் கவிழ்த்தது, பிறகு நிமிரவே இல்லை. மண்ணுக்குள்ளிருந்து எடுத்துப் பிரித்தோம். எலிவேட்டர் சர்வோவின் மூடியைக் கழற்றினால், மிளகு அளவே உள்ள வெள்ளைப் பிளாஸ்டிக் சக்கரத்தில் ஒரு பல்லைக் காணோம். அந்தத் துணுக்கு அடுத்த சக்கரத்தில் சிக்கி நின்றது. மோட்டார் நன்றாக இருந்தது, ரிசீவர் நன்றாக இருந்தது, பேட்டரி நன்றாக இருந்தது. நூற்றுச் சொச்சம் ரூபாய் சர்வோ, பிரபலமான பெயரை ஒட்டிய நகல் சரக்கு. அவர் அதைக் கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “பல்லு போனது எனக்கு மட்டும்தான்னு நெனச்சேன்” என்றார். சிரிப்பதா வேண்டாமா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

அதற்காக எல்லா இடத்திலும் உலோகச் சக்கரம் போடு என்று சொல்ல மாட்டேன். உலோகச் சக்கரம் அடி வாங்கினால் பல் போகாது, ஆனால் நாள்பட்டால் தேய்ந்து ஆட்டம் கொடுக்கும், எடையும் கூடுதல். பிளாஸ்டிக் உரசாமல் ஓடும், இடித்தால் போய்விடும். உன் விமானத்தில் ரட்டர் சர்வோவே முன் சக்கரத்தையும் திருப்புகிறது இல்லையா? ஒவ்வொரு இறக்கத்திலும் தரை கொடுக்கிற அடி நேராக அந்த சர்வோவுக்குப் போகும். அங்கே உலோகம் கட்டாயம். எலிவேட்டருக்கும் ஈமேக்ஸ் ஈஎஸ்08எம்ஏ-2 மாதிரி 12 கிராம் உலோகச் சக்கர சர்வோ போடு. எய்லரானுக்கு சாதாரண 9 கிராம் பிளாஸ்டிக் போதும், ஆனால் நம்பகமான இடத்தில் வாங்கியதாக இருக்கட்டும். டிஜிட்டலா அனலாகா என்று கவலைப்படாதே, பயிற்சி விமானத்துக்கு அந்த வித்தியாசம் உன் கைக்குத் தெரியாது.

நல்ல சர்வோவையும் கெடுக்கிற இடம் புஷ்ராட், அதாவது சர்வோவை எலிவேட்டரோடு இணைக்கிற கம்பி. சர்வோ கையில் உள்பக்கத் துளை, எலிவேட்டரில் நீட்டிக்கொண்டிருக்கிற கொம்பில், அதாவது ஹார்னில், வெளிப்பக்கத் துளை: இதுதான் விதி. சர்வோ பக்கம் 8 மில்லிமீட்டர், ஹார்ன் பக்கம் 16 என்று வைத்தால் விசை இரட்டிப்பாகும், சர்வோவின் ஆட்டம் எலிவேட்டரில் பாதியாகிவிடும். சர்வோ 45 டிகிரி திரும்பினால் எலிவேட்டர் 20 டிகிரி சொச்சம் திரும்பும், அதற்கு மேல் உனக்கு வேண்டவும் வேண்டாம். நிறையப் பேர் வெளித்துளையில் மாட்டிவிட்டு, அசைவு அதிகம் என்று ரேடியோ மெனுவில் 50 சதவீதமாகக் குறைக்கிறார்கள். அப்படிச் செய்தால் சர்வோவின் பாதித் திறமையைத் தூக்கி எறிந்ததாகிவிடும். உனக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, நெம்புகோல் உன் தொழில்.

கரண்ட் விஷயத்துக்கு வருகிறேன். நீ வாங்கி வைத்திருக்கிற, மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற 30 ஆம்பியர் ஈஎஸ்சிக்குள்ளேயே, ரிசீவருக்கும் சர்வோவுக்கும் 5 வோல்ட் கொடுக்கிற பிஇசி இருக்கிறது; ஆனால் அது லீனியர் வகை, 2 ஆம்பியர்தான். மூன்று செல் பேட்டரி முழுதாக ஏறியிருந்தால் 12.6 வோல்ட். மீதி 7.6 வோல்ட்டை அது சூடாக்கித்தான் ஒழிக்கிறது. சர்வோக்கள் சேர்ந்து ஒன்றரை ஆம்பியர் இழுத்தால் 11 வாட்டுக்கு மேல் சூடு, அதுவும் மூடிய உடலுக்குள், நம் ஊர் வெயிலில். சர்வோ ஒன்று சிக்கி நின்றால் அது மட்டுமே முக்கால் ஆம்பியர் வரை இழுக்கலாம். அழுத்தம் இறங்கினால் ரிசீவர் ஒரு கணம் அணைந்து எழும். அந்த ஒரு கணத்தில் உன் விமானத்துக்குச் சொந்தக்காரன் கிடையாது. தரையில் எல்லா சர்வோவையும் ஒரே சமயத்தில் ஆட்டிக்கொண்டே, ரிசீவர் திருப்பி அனுப்புகிற மின்னழுத்தத்தைத் திரையில் பார். 5-ஐ ஒட்டி நின்றால் சரி. தடாலென்று இறங்கினால் அவ்வளவு சூடாகாத தனி ஸ்விட்சிங் பிஇசி வாங்கிப் போடு, இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஃபெயில்சேஃப்பை மறந்துவிடாதே. சிக்னல் அறுந்தால் த்ராட்டில் பூஜ்யத்துக்கு வரும்படி அமைத்து, புரொப்பெல்லரைக் கழற்றி வைத்துவிட்டு, டிரான்ஸ்மிட்டரை அணைத்துச் சோதித்துப் பார். சிலவற்றில் வாங்கும்போதே ‘கடைசி நிலையில் நிறுத்து’ என்று இருக்கும். அப்படியே விட்டால் முழு வேகத்தில் பக்கத்து ஊருக்குப் போய்விடும்.

இடம் பற்றிக் கேட்டிருந்தாய். 2021 டிரோன் விதிகளின்படி விமான நிலைய எல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் அனுமதியில்லாமல் பறக்கவிட முடியாது. 8-க்கும் 12-க்கும் நடுவில் 200 அடி உயரம் வரைதான். சென்னையில் மீனம்பாக்கம், தாம்பரம் விமானப்படைத் தளம், அந்தப் பக்கம் அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி என்று சுற்றிலும் வட்டம் போட்டால் மிச்சம் கிடைப்பது கொஞ்சம்தான். அதனால் நாங்கள் ஊரை விட்டு வெகுதூரம் போய், கோடையில் வற்றிய ஏரி உள்வாயில் விடுகிறோம். மழை வந்துவிட்டால் அந்த இடமும் போச்சு. திருச்சியிலும் விமான நிலையம் ஊரை ஒட்டித்தானே இருக்கிறது? அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு போட்டிருக்கிறார்கள். பேராசிரியர் சொல்கிற இடம் எந்த நிறம் என்று நீயே ஒரு தடவை பார்த்துவிடு.

என் முடிவு கேட்டால்: பேராசிரியர் ஃப்ளைஸ்கை வைத்திருந்தால் நீயும் ஐ6 வாங்கு, மிச்சப் பணத்தில் நல்ல சர்வோவும் தனி பிஇசியும். அவர் வேறெது வைத்திருந்தாலும் பாக்ஸர், ஃபோர் இன் ஒன். இரண்டுக்கும் நடுவில் குழம்பி மூன்றாவதாக ஒன்றைத் தேடிக்கொண்டு போகாதே, உன்னை எனக்குத் தெரியும். ஸ்கூட்டர் வாங்க நீ எடுத்துக்கொண்ட காலத்தில் நான் இரண்டு ஸ்கூட்டர் விற்றுவிட்டேன்.

நிச்சயதார்த்தத்துக்குத் தங்கச்சியோடு இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடு. விமானத்தின் உடலை மட்டும் எடுத்து வா, இறக்கை வேண்டாம். சர்வோக்களை மாடியறையில் உட்கார்ந்து சேர்ந்தே பொருத்திவிடலாம். அம்மா உனக்கென்று சொல்லி மாவடு எடுத்து வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
ரவி

பி.கு.: எய்லரானுக்கு ஒரு சர்வோவா இரண்டா என்று நீ எழுதவே இல்லை. இரண்டு என்றால் இறக்கைக்குள் ஓடுகிற நீட்டிப்பு ஒயரின் நீளத்தை அளந்து அனுப்பு, அதையும் ரிச்சி தெருவில் பார்த்து வாங்கிவிடுகிறேன். இறக்கையின் மேலே ஷீட் ஒட்டுவதற்கு முன்னால் உள்ளே ஒரு நூலை விட்டு வை. ஒட்டிய பிறகு ஒயரை இழுக்கப் படாத பாடு படவேண்டும்.